அன்றைக்கு மாடி ஏறாமல் இருந்திருந்தால்...

“ஐவிஎஃப் சிகிச்சையில் கரு வைத்த மூன்றாம் நாள், நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் இரண்டு மாடி ஏறினேன். ரிசல்ட் நெகட்டிவ். அதனால்தானா? பேச்செடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார்” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாடி ஏறியதால் இல்லை. கரு வைத்தபின் படுத்தே கிடப்பதால் பயன் கிடையாது என்பதால், அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமே படுக்கை ஓய்வு வேண்டாம் என்கிறது. இதைப் படித்ததும் அவர் மனம் ஆறிவிடுமா? ஆறாது. ஏன் ஆறாது என்பதை உளவியல் அழகாக விளக்குகிறது.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1982-இல் ஒரு சின்னக் கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே காரில் விமான நிலையத்துக்குப் போகிறார்கள். நெரிசலில் சிக்கி அரை மணி நேரம் தாமதம். ஒருவருடைய விமானம் குறித்த நேரத்துக்கே போய்விட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கிளம்பியிருந்தது. யாருக்கு மனம் அதிகம் வெதும்பும்? 96 சதவீதம் பேர் இரண்டாமவரைச் சொன்னார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்றேதான். நடக்காமல் போனது கைக்கெட்டும் தூரத்தில் தெரியத் தெரிய வருத்தம் பெருகுகிறது.

ஐவிஎஃப் முழுக்க அந்த ஐந்து நிமிடங்களால் ஆனது. 12 முட்டை எடுத்தார்கள், 8 கருவானது, ஐந்தாம் நாளில் 3 தேறியது, ஒன்றை வைத்தார்கள், பீட்டா (கர்ப்பத்தைக் காட்டும் ரத்த ஹார்மோன் அளவு) கொஞ்சம் ஏறி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எண்ணும் ‘இதோ, கிட்ட வந்துவிட்டது’ என்கிறது. இயற்கையாகக் கருத்தரிக்கக் காத்திருக்கும் தம்பதிக்கு இந்த எண்கள் தெரியவே வராது. கரு உருவாகி ஒட்டாமல் போனதுகூடப் பல சமயம் அவர்களுக்குத் தெரியாது.

சரி, நடந்ததை மனத்துக்குள் மாற்றி எழுதும்போது எந்த இடத்தில் கை வைக்கிறோம்? இறுக்கமாகிப்போன ரவிக்கையைக் கொடுத்தால் தையல்காரர் பக்கவாட்டில்தான் பிரிப்பார். அங்கேதான் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டிருப்பார். தறியில் இழை அறுந்து நெய்த குறை இருந்தால் அவர் ஊசிக்கு அங்கே வேலை இல்லை. மனமும் பிரிக்க இடமுள்ள தையலைத்தான் தேடிப் போகிறது: வழக்கத்துக்கு மாறாகச் செய்தது, செய்யாமல் இருந்திருக்க முடிந்தது. மாடி ஏறியது, ஆட்டோவில் குலுங்கிப் போனது, ஊசியை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டது. எல்லாம் பக்கத்தையல். ராத்திரியெல்லாம் அதையே பிரித்துப் பிரித்துத் தைத்தால் துணி முழுக்க ஊசித்துளை விழும். அறுந்த இழை அறுந்தபடியே கிடக்கும்.

அந்தத் தறி ஓடியது வெகு காலத்துக்கு முன்பு. பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிதலைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கின்றன. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் அப்போதே பூட்டப்படுகிறது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. முப்பது, நாற்பது வருடம் தாங்கிய பிடி தளர்ந்தால், முட்டை முதிரும்போது குரோமோசோம்கள் கூடவோ குறையவோ பிரிகின்றன. 40 வயதைத் தாண்டியவர்களின் கருக்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். கரு ஒட்டாமல் போவதற்கும் தொடக்கத்திலேயே கலைவதற்கும் இது மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று. அந்தப் பிழைதான் காரணம் என்றால், கரு வைத்த அன்றே அது அதற்குள் இருந்திருக்கும். மாடிப்படி வந்தது அதற்குப் பிறகு.

வருத்தப்படுவது நோயும் அல்ல. மூளையில் கண்குழிக்கு மேலுள்ள முன்பகுதி சேதமடைந்தவர்கள் சூதாட்டச் சோதனையில் தோற்றபோது ‘மற்றதைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே’ என்று வருந்தவில்லை. அதனால் அடுத்த ஆட்டத்தில் திருந்தவும் இல்லை என்று 2004-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வருத்தம் பாடம் கற்பிக்கும் கருவி. கற்க ஒன்றும் இல்லாத இடத்திலும் அது ஓடிக்கொண்டே இருப்பதுதான் கொடுமை.

அந்தக் கணவர் ஏன் எழுந்து போகிறார்? உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களில் ஒன்றைக் கண்டார்கள். செய்ததை எண்ணி வரும் வருத்தம் உடனே சுடும். செய்யாமல் விட்டதை எண்ணி வரும் வருத்தம் காலம் போகப்போக வளரும். இதைத் தம்பதிக்குப் பொருத்திப் பார்ப்பது என் ஊகம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், மாடிப்படி எல்லாம் மனைவியின் உடம்பில் நடக்கின்றன. அதனால் போன வாரம் செய்ததெல்லாம் அவர் கணக்கில் ஏறுகிறது. கணவரிடம் இருப்பது பழைய கணக்கு: ‘இரண்டு வருஷம் முன்னாடியே போயிருக்கலாம்’, ‘என் டெஸ்ட்டை நான்தான் தள்ளிப்போட்டேன்’. குழந்தையின்மைக்கான காரணங்களில் ஆணின் பங்கும் கணிசமானது என்று அவருக்கும் தெரியும். மனைவி மாடிப்படியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடுத்து அந்த இரண்டு வருஷம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். அவருக்கு அக்கறை இல்லை என்று மனைவி எடுத்துக்கொள்கிறார்.

டென்மார்க்கில் லோனே ஷ்மிட் குழுவினர், ஓராண்டு சிகிச்சைக்குப் பின்னும் குழந்தை பிறக்காத 816 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். துணையோடு பேசுவது கடினமாக இருந்தவர்களிடமும், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்காமல் ஒதுங்கிப் போனவர்களிடமும் பின்னால் மன அழுத்தம் அதிகம் இருந்தது. ஆண், பெண் இருபாலாரிடமும்.

இந்த மன அழுத்தத்தை மருத்துவம் எப்போது கவனித்தது? ஐவிஎஃப் வரலாறு தெரிந்ததுதான்: 1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா பிறந்தார்கள். தம்பதியின் மனநலத்தைச் சிகிச்சையின் வழக்கமான பகுதியாகவே பராமரிப்பதற்கென ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் வழிகாட்டுநெறி வெளியிட்டது 2015-இல்தான். 37 வருடத் தாமதம் எனக்குக் கோபமூட்டுகிறது.

இடைப்பட்ட காலத்தில் வெற்றிடத்தை நிரப்பியது உபதேசம். “டென்ஷன் ஆகாதே, தானா நிக்கும்” என்று உறவினர் சொல்வதைத்தான் மனத்தை லேசாக்கும் பயிற்சி விற்பவர்களும் சொல்கிறார்கள். 14 ஆய்வுகளில் 3,583 பெண்களின் தரவைத் தொகுத்துப் பார்த்த ஜாக்கி பாய்வின் குழு, சிகிச்சைக்கு முந்தைய மனக்கவலைக்கும் அந்தச் சுற்றின் முடிவுக்கும் தொடர்பில்லை என்று 2011-இல் காட்டியது. அழுததால் கரு போகவில்லை. ஆகவே தாராளமாக அழலாம்.

பேசுவதற்கு ஆலோசகர்கள் பலர் சொல்லும் வழி: ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அதற்குமேல் சிகிச்சைப் பேச்சு வேண்டாம். பேச்சு எப்போது முடியும் என்று தெரிந்தால் கணவருக்கு உட்காரத் துணிவு வரும். “உங்களுக்குக் கவலையே இல்ல” என்று தொடங்காமல், “ஏங்க, உங்களுக்கு எந்த நாளை நினைச்சா உறுத்துது?” என்று கேட்டுப் பாருங்கள். கணவருக்கும் ஒன்று: “அதனால இல்ல, விடு” என்பது உண்மையே ஆனாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் அல்ல. மனைவி சொல்லி முடிக்கட்டும்.

இன்னொரு வருத்தம் இருக்கிறது, இனிமேல் வரப்போவது. ‘பின்னாடி வருத்தப்படக்கூடாது’ என்பதற்காகவே அடுத்த சுற்றும், அதோடு கூடுதல் சிகிச்சைகளும் வாங்கப்படுகின்றன. கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். 1,364 பெண்களிடம் நடந்த சோதனை 2019-இல் வெளியானது: சுரண்டியவர்களில் 26.1 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, சுரண்டாதவர்களிலும் 26.1 சதவீதத்தினருக்கு. எத்தனை சுற்று, எவ்வளவு பணம் என்பதை முடிவு வந்த வேதனையில் தீர்மானிக்காமல், அடுத்த ஊசிக்கு முன்பே இருவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஏதாவது பரிந்துரைத்தால், இதைச் செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா, குழந்தை பிறந்த விகிதம் எவ்வளவு மாறியது என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்க இருவரும் சேர்ந்தே போங்கள்.