சால்வைக்குள்ள ஒரு சிறுத்தை!

மார்கழி வந்தாச்சுன்னா மயிலாப்பூர் சபா வாசல்ல மாமாக்கள் சால்வையோட ஆஜர். தி.நகர் பக்கம் போனா, 'ஒரிஜினல் பஷ்மினா, முந்நூறே ரூபா!'ன்னு யாராவது கூவலாம். ஏமாந்துடாதீங்க பாஸ்! நிஜ பஷ்மினா அந்த விலைக்கு சான்ஸே இல்லை. காரணம் தெரியணுமா? லடாக் வரைக்கும் வாங்க.

அங்கே சாங்தாங்னு ஒரு பீடபூமி. உயரம் 4,000 மீட்டருக்கும் மேல. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! குளிர்காலத்துல மைனஸ் 30 டிகிரி வரைக்கும் இறங்கும். சாங்பா மக்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு, புல் இருக்கிற இடம் தேடி ஆடுகளோட நகர்ந்துகிட்டே இருப்பாங்க. குளிரைத் தாங்க இந்த ஆடுகளுக்கு உள்பக்கமா மெல்லிய முடி வளரும். அதைச் சீப்பால வாரி எடுப்பாங்க. ஒரு ஆட்டுக்கு வருஷம் சுமார் கால் கிலோ. அதுதான் பஷ்மினா.

அதே மலையிலதான் பனிச்சிறுத்தையும் குடியிருக்கு. 2024 ஜனவரியில வெளியான கணக்குப்படி இந்தியாவில் 718. அதில் 477 லடாக்ல. ஒரு சிறுத்தை பட்டிக்குள்ள புகுந்தா ஒரே ராத்திரியில பல ஆடுகள் காலி. அந்தக் குடும்பத்தோட பேங்க் பேலன்ஸே போச்சு! கோபத்துல சிறுத்தையைக் கொன்னதும் உண்டு. இன்னொரு பக்கம், முடிக்கு விலை ஏற ஏற மந்தை பெருகும். காட்டு ஆடுகளுக்குப் புல் மிஞ்சாது. காட்டுல இரை குறைஞ்சா சிறுத்தை எங்கே போகும்? திரும்பவும் பட்டிக்குத்தான்.

இதுக்கு வழி இருக்கு. ஒண்ணு, பட்டிக்கு மேல கம்பிவலைக் கூரை. சிம்பிள்! இன்னொண்ணு, இமாச்சல்ல ஸ்பிட்டி பள்ளத்தாக்கு கிப்பர் கிராமத்துல நடந்தது. விஞ்ஞானி சாருதத் மிஸ்ரா குழுவோட பேசி, மேய்ச்சல் நிலத்துல ஒரு பகுதியைக் காட்டு விலங்குகளுக்கு விட்டாங்க. அதுக்கு ஊருக்குப் பணம் கிடைச்சது. நீல ஆடுகள் பெருகிச்சு. 2002-ல கிராமத்தினரே நடத்துற கால்நடை இன்ஷூரன்ஸும் வந்தது.

'லடாக் கதை நமக்கெதுக்கு?'ங்கிறீங்களா? 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட், தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது. சில நாள்லயே அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்தோட நிறுத்திக்கிட்டது. தேனி மலைமாடு மேய்க்கிறவங்களுக்கு அது வயித்துப்பாட்டுக் கேள்வி.

காட்டைக் காப்பாத்தணும், சரி. அங்கேயே வாழறவங்களை உட்கார வெச்சுப் பேசாம அது நடக்குமா? கிப்பர்ல பேசினாங்க, நடந்தது. நாளைக்கு நீங்க ஐ.ஏ.எஸ். ஆனாலும் சரி, இன்ஜினீயர் ஆனாலும் சரி... இதை மறந்துடாதீங்க மக்கா!