காஸ்ட்லி மீன்பிடி ரீல் கெட்டுப்போவது கடலிலா, வீட்டுப் பரணிலா?

'ரீல்' என்றதும் இன்ஸ்டாகிராம் ஞாபகம் வருகிறதா? இது வேற ரீல். தூண்டில் கம்பில் மாட்டி, நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி. பாறை, வஞ்சிரம், சூரை போன்ற வலுவான கடல் மீன்களுக்கான ஹெவி டியூட்டி ரீல்களின் விலை சில ஆயிரங்களில் தொடங்கி, ஒரு லட்சம் ரூபாயை நெருங்கும்.

மதுரை சிம்மக்கல்லில் இருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. சனிக்கிழமை போய் தூண்டில் போட்டுவிட்டு ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். வந்த களைப்பில் ரீல் பையோடு பரணுக்குப் போய்விடும். அடுத்த மாதம் எடுத்தால் கைப்பிடி கரகரவென்று சுற்றும். 'கடல் தண்ணி பட்டா அப்படித்தான்' என்பார்கள். உண்மையில் பெரும்பாலான சேதம் நடப்பது அந்தப் பரணில்தான்.

மதுரை வெயிலிலும் ஏன் அரிக்கிறது?

கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. இது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், உள்ளே உப்பு ஈரமாகவே இருக்கும். அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் பாதுகாப்புப் படலத்தை குளோரைடு உடைக்கும். பக்கத்திலேயே ஸ்டீல் பேரிங் இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

கழுவுவது எப்படி?

* முதலில் டிராக் திருகை நன்றாக இறுக்குங்கள். இல்லையென்றால் தண்ணீர் டிராக் தட்டுகளுக்குள் போய்விடும்.
* குழாயை மெதுவாகத் திறந்து, மேலாக விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். வாளியில் ஊறவும் போடாதீர்கள்.
* வீட்டில் போர் தண்ணீர்தானா? பரவாயில்லை, கடல் உப்பு போய்விடும். கடைசியாக மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.
* துடைத்து நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் தட்டுகள் அழுந்திப்போகும்.

அவ்ளோதான், பத்து நிமிட வேலை.

சர்வீஸை நாமே செய்யலாமா?

நரம்பு ஓடும் சின்ன ரோலர், கைப்பிடி இணைப்பு ஆகிய இடங்களில் ஒரு சொட்டு ரீல் ஆயில் விடலாம். துரு நீக்கும் ஸ்பிரேயை ஆயிலுக்குப் பதில் அடிக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

உள்ளே கியருக்கு கிரீஸ் அவசியம். ஆனால், கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒன்-வே கிளட்ச்சில் கெட்டியான கிரீஸ் பட்டால் அது வழுக்கும். பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி திருப்பிச் சுற்றி விரலைப் பதம்பார்க்கும். கழற்றுவதானால் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டைவா நிறுவனத்தின் 'மேக்சீல்டு' ரீல்களில் காந்தத்தால் பிடித்து வைக்கப்பட்ட எண்ணெய்ப் படலம் உண்டு. திறந்தால் அது கலைந்துவிடும், எனவே பழகியவர்களிடம் கொடுப்பதே நல்லது.

பழைய ரீல் வாங்குகிறீர்களா?

* கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் கியர் தேய்மானம் தெரியாது.
* சட்டென நிறுத்திப் பின்னால் திருப்புங்கள். உடனே பூட்டிக்கொள்ள வேண்டும்.
* டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பை இழுங்கள். விட்டுவிட்டு வந்தால், மீன் பாயும் நேரத்தில் நரம்பு அறுந்துவிடும்.
* ஸ்பூலைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரிக்கிறது. பச்சை என்றால் பித்தளை.

'20 கிலோ டிராக்', '12 பேரிங்' போன்ற பெட்டி எண்களில் மயங்க வேண்டாம். பொதுவாக நரம்பின் தாங்குதிறனில் 25 முதல் 30 சதவீதம்தான் டிராக் வைப்பார்கள். 20 கிலோ தாங்கும் நரம்புக்கு 5 முதல் 6 கிலோ. கொக்கியுள்ள தொங்கு தராசில் இதை அளந்துவிடலாம். அந்த 6 கிலோவில் டிராக் சீராக இயங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஆண்டுக்கு ஒருமுறை முழு சர்வீஸ் போதும். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திப் பழுது பார்க்கும் அந்த நாட்களில், பரணில் இருக்கும் ரீலையும் இறக்கிவிடலாம்.