கடனும் கட்டவேண்டும், கலியாண வீட்டுக்கும் போகவேண்டும்



சென்ற மாதம் வீட்டு வரவுசெலவு பற்றிப் பேசிய நிகழ்ச்சிக்கு ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் வந்தார். "ஐயா, கடனட்டைக் கடன் கட்டி முடியும்வரைக்கும் ஒருத்தற்றை கொண்டாட்டத்துக்கும் போறதில்லை எண்டு முடிவெடுத்து ஒன்றரை வருசமாச்சு. இப்ப ஆக்களும் எங்களைக் கூப்பிடுறதை விட்டிட்டினம். நாங்கள் செய்தது சரியோ?" என்று கேட்டார். விளம்பர இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. ஆகவே இம்மாத மடலில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எமது பேச்சுவழக்கில் 'போக்குவரத்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று பஸ்ஸும் ரயிலும். மற்றது, உறவினரோடு வைத்திருக்கும் தொடர்பு. "அவையளோடை போக்குவரத்து இல்லை" என்றால் அந்தக் குடும்பத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்திறங்கிய எங்களுக்கு இந்தப் போக்குவரத்துத்தான் முதல் வங்கி. முதல் வேலை யார் மூலம் கிடைத்தது? வாடகைக்கு முற்பணம் யார் தந்தது? ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருந்த காலத்தில் பாயைத் தள்ளிப் போட்டு இடம் தந்தது யார்? கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒரு சொத்து. கடன் கட்டுவதற்காக அதை அடியோடு விற்றுவிடுவது நல்ல கணக்கு அல்ல.

ஆனால் அந்தச் சொத்தைப் பராமரிக்கும் செலவு எங்கள் சமூகத்தில் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்பதும் உண்மை. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏதோ ஒன்று. கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், முதலாவது பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல், கோயில் திருவிழா. ஒரு கொண்டாட்டத்துக்கு என்வலப் மட்டும் செலவல்ல. பெற்றோல், பிள்ளைகளுக்குப் புது உடுப்பு, "போன முறை கட்டின சீலையை அவை படத்திலை பாத்திட்டினம்" என்பதால் வாங்கும் இன்னொரு சீலை, சிலவேளை ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இழக்கும் சம்பளம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

முதலில் கடனின் பக்கத்தைப் பார்ப்போம். கடனட்டையில் 5,000 டொலர் நிலுவை, ஆண்டு வட்டி 19.99 வீதம் என்று வையுங்கள். முதல் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 83 டொலர். நீங்கள் மாதம் 150 டொலர் கட்டினால் அதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது. புதிதாக எதுவும் வாங்காமல் இப்படியே கட்டினால் முடிக்க 49 மாதம். மொத்தம் 7,350 டொலர் அளவில் கட்டியிருப்பீர்கள். அதையே மாதம் 250 ஆக்கினால் 25 மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் 6,130 டொலர் அளவுதான். மாதம் நூறு டொலரைக் கூட்டியதில் இரண்டு வருடமும் 1,200 டொலருக்கு மேலும் மிச்சம். வங்கி கேட்கும் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அந்தத் தொகை மாதாமாதம் சிறுத்துக்கொண்டே வரும், காலம் நீண்டுகொண்டே போகும். அப்படி மட்டும் கட்டினால் எத்தனை வருடம் எடுக்கும் என்பதை 2010 ஆம் ஆண்டிலிருந்து கனடிய வங்கிகள் மாதாந்தக் கூற்றிலேயே அச்சிட்டு அனுப்புகின்றன. அந்த வரியை இன்று தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. என்வலப்பில் வைப்பதற்காகக் கடனட்டையைப் போட்டு இயந்திரத்தில் காசு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பொருள் வாங்கினால் கிடைக்கும் 21 நாள் வட்டியில்லாக் காலம் காசு எடுப்பதற்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். சம்பளத்துக்கு முன்னரே கடன் தரும் சந்திக்கடைகள் அதைவிட மோசம். 2025 ஜனவரியிலிருந்து நூறு டொலருக்கு 14 டொலருக்கு மேல் அவை அறவிட முடியாது. கேட்கச் சிறிய தொகைதான். இரண்டு கிழமைக்கு 14 என்றால் ஆண்டுக்கு 364 வீதம். அதே மாதத்தில் மற்றக் கடன்களுக்கான குற்றவியல் வட்டி வரம்பு 35 வீதமாகக் குறைக்கப்பட்டது. இந்தக் கடைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஒருவர் வீட்டுச் சாமத்தியவீட்டுக்காக அந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

இனிச் செலவின் பக்கம். வர்த்தகம் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை தெரியும்: ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. எங்கள் வீடுகளில் ஒரு கொப்பி இருக்கும். மகளின் சாமத்தியவீட்டுக்கு யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்று அடுத்த நாள் காலை எல்லோரும் சுற்றியிருந்து எழுதிய கொப்பி. அந்தக் காசை வருமானமாக நினைக்கும் வழக்கம் எம்மவரிடம் வேரூன்றிவிட்டது. "மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கார்ட்டிலை போடுவம், வாற என்வலப்பிலை கட்டலாம்" என்று சொல்லிக் கொண்டாட்டம் செய்கிறார்கள். அந்தக் கொப்பியை ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள். அது வருமானப் பட்டியல் அல்ல, கடன்கொடுத்தோர் பேரேடு என்றுதான் சொல்லுவார். 150 தந்தவருக்கு அவர் பிள்ளையின் கலியாணத்தில் 150 அல்லது விலைவாசியைப் பார்த்து 200 திருப்பிக் கொடுக்கவேண்டும். தவணை உங்கள் கையில் இல்லை; அவர் அழைப்பிதழ் அனுப்பும் நாள்தான் தவணை. போதாததற்கு, வந்த காசு மண்டபக் கடனுக்குப் போய்ச் சேரமுன்னர் வேறு எதற்கோ கரைந்துவிடுகிறது. அட்டையில் நிலுவை நிற்கிறது, கொப்பியிலும் நிலுவை நிற்கிறது. ஒரு நாள் கொண்டாட்டத்துக்கு இரண்டு கடன். ஆகவே கடனில் இருப்பவர் செய்யவேண்டிய முதல் வேலை, தன் வீட்டில் பெரிய கொண்டாட்டம் வைப்பதைத் தள்ளிப்போடுவது. மற்றவர் வீட்டுக்குப் போவதை நிறுத்துவதைவிட இதில்தான் பெரிய தொகை மிஞ்சும். சாமத்தியவீட்டை வீட்டுக்குள், தாய்மாமனோடும் நெருங்கிய பத்துப் பேரோடும் செய்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. உண்மையைச் சொன்னால், ஹெலிகொப்டரிலும் பல்லக்கிலும் வந்திறங்குவதைப் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் விரும்புகிறார்கள்.

இப்போது ஓர் உதாரணக் குடும்பம். கணவன் மனைவி இருவர் உழைப்பிலும் வரி கழித்துக் கையில் வருவது மாதம் 5,200 டொலர். வாடகை 2,300, சாப்பாட்டுச் சாமான் 900, காரும் காப்புறுதியும் 750, தொலைபேசி இணையம் 180, ஊருக்கு அனுப்புவது 200, கடனட்டைகளுக்கு ஆகக் குறைந்த தொகை 350. கூட்டினால் 4,680. மிச்சம் 520. இந்த 520 ஐயும் கடனுக்கே கட்டுவோம் என்று வைராக்கியம் கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் ஒரு செத்தவீடு வரும். போகாமல் இருக்க முடியாது. மீண்டும் அட்டையைத்தான் எடுப்பார்கள். எடுத்தவுடன் "இனி என்ன" என்ற மனநிலை வந்துவிடும், திட்டமே குலைந்துபோகும். ஆகவே நான் சொல்லுவது, 320 ஐக் கடனுக்கு மேலதிகமாகக் கட்டுங்கள். 50 ஐ வேறாக வையுங்கள், அது செத்தவீடு, அந்தியேட்டி போன்ற முன்கூட்டித் தெரியாதவற்றுக்கு. மீதி 150 போக்குவரத்துக் காசு. சம்பளம் வந்த அன்றே நோட்டாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 1,800 டொலர். டப்பாவில் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் தொலைபேசியில் வாழ்த்தலாம். கோடையில் கூடச் செலவாகும், மாரியில் மிஞ்சும். மிஞ்சுவதைத் தொடாமல் விட்டால் அடுத்த ஜூனுக்கு உதவும்.

தை மாதமே மனைவியும் கணவனும் இருந்து அந்த வருடம் வரக்கூடிய அழைப்புகளைப் பேசிப் பிரித்துக்கொள்வது நல்லது. இரத்த உறவு, கஷ்ட காலத்தில் கைகொடுத்தவர்கள் வீட்டுக் காரியங்களுக்குக் குடும்பமாகப் போகவேண்டும். வேலையிடத்தில் அறிமுகமானவரின் ஒன்றுவிட்ட தம்பியின் பிள்ளை பிறந்தநாளுக்கு ஒருவர் போனால் போதும், போகாவிட்டாலும் குற்றமில்லை. செத்தவீட்டுக்கு மட்டும் எப்போதும் போங்கள். அங்கு யாரும் என்வலப்பை எதிர்பார்ப்பதில்லை, வந்த முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"வெறுங்கையோடை எப்பிடிப் போறது?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஊரில் எப்படிப் போனோம்? பந்தல் போட இளைஞர்கள் போனார்கள். பலகாரம் சுட அயல் பெண்கள் கூடினார்கள். வாழைக்குலையோ தேங்காயோ தோட்டத்திலிருந்து போனது. உழைப்பும் ஒரு மொய்யாகத்தான் மதிக்கப்பட்டது. இங்கும் மண்டபத்தில் கதிரைக்குத் துணி போட, விருந்தினரை விமான நிலையத்தில் ஏற்றி இறக்க, பலகாரம் சுட ஆள் தேடித் திரிகிறார்கள். முதல் நாளே போய் நின்று உதவி செய்தவர் சிறிய என்வலப் கொடுத்தால் யாரும் கொப்பியைப் பார்த்து முகம் சுழிப்பதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே அன்பளிப்பாகக் கொடுப்பதும் நல்ல வழி. அழைப்பிதழில் "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்று அச்சிடும் குடும்பங்களும் உண்டு. வசதியுள்ளவர்கள் அதைத் தொடங்கினால் வசதி குறைந்தவர்களுக்குப் பெரிய உபகாரம்.

பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கத் தேவையில்லை. ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2015 ஆம் ஆண்டிலிருந்து ரொறன்ரோ பஸ், சுரங்க ரயிலில் 12 வயதுவரை பயணம் இலவசம். ரொறன்ரோ பொது நூலக அட்டையைக் கொண்டு அருங்காட்சியக இலவச அனுமதி எடுக்கலாம். விரைவில் முடிந்துவிடும், முந்திக்கொள்ளுங்கள். நண்பர் குடும்பங்களோடு ஆளுக்கொரு கறி சமைத்துக்கொண்டு பூங்காவில் கூடினால் மண்டபச் செலவே இல்லை. 25 பேருக்கு மேற்பட்டால் மட்டும் மாநகரசபையிடம் அனுமதி எடுக்கவேண்டும்.

சீட்டுப் பற்றியும் சொல்லவேண்டும். இருபது பேர், மாதம் 500 டொலர். மூன்றாம் மாதம் 2,500 கழிவுக்கு எடுத்தவர் கையில் 7,500 வருகிறது. அதன்பின் பதினேழு மாதம் கட்டவேண்டும். அந்தக் கழிவு வட்டிதான், பெயர்தான் வேறு. கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு, முதலில் எடுப்பவருக்குக் கடன். ஏற்கனவே சேர்ந்த சீட்டைத் தவறாமல் கட்டி முடியுங்கள், ஏனெனில் அங்கு முறிவது பத்தொன்பது குடும்பங்களின் நம்பிக்கை. கடனட்டைக் கடன் முடியுமுன் புதிய சீட்டில் சேரவேண்டாம். வீட்டில் மறைத்துச் சேரவே வேண்டாம்.

எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மிச்சமே வரவில்லை, ஆகக் குறைந்த தொகையைக் கட்டவே இன்னொரு அட்டையில் எடுக்கவேண்டியிருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு டப்பாவும் கொப்பியும் உதவாது. சட்டத்தில் வழி இருக்கிறது. வீட்டுக் கடன் தவிர்ந்த கடன் 250,000 டொலருக்கு உட்பட்டிருந்தால் கடன்கொடுத்தோருக்கு ஒரு 'நுகர்வோர் முன்மொழிவு' வைக்கலாம். கடனில் ஒரு பகுதியை, ஆகக் கூடியது ஐந்து வருடத்தில், வட்டியின்றிக் கட்டி முடிக்க அவர்கள் சம்மதிக்கலாம். வைத்தவுடன் வசூலிப்பவர்களின் தொலைபேசித் தொல்லை நின்றுவிடும். கடன் அறிக்கையில் சில வருடம் வடு இருக்கும், அவ்வளவுதான். வங்குரோத்து வேறு. அதிலிருந்து விடுவிக்கப்படும்வரை ஊரிலுள்ள மனைவியையோ பெற்றோரையோ பொறுப்பேற்று அழைக்க முடியாது. குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருப்பவர்கள் கையெழுத்திடுமுன் இதைக் கட்டாயம் கேட்டறியவேண்டும். அதேபோல, அகதிகளாகத் தெரிவுசெய்யப்பட்டு அரசாங்கக் குடிவரவுக் கடனில் விமானம் ஏறி வந்தவர்கள் அந்தத் தவணையைத் தவறவிட்டாலும் பொறுப்பேற்கும் தகுதியை இழப்பார்கள். 2018 ஆம் ஆண்டிலிருந்து அக்கடனுக்கு வட்டி இல்லை, ஆகவே மேலதிகக் காசை அதற்குப் போடாதீர்கள். தவணையை மட்டும் நாள் தவறாமல் கட்டி, மேலதிகத்தை அட்டைக்குப் போடுங்கள்.

இந்த முன்மொழிவை வைக்க அரசாங்க உரிமம் பெற்ற நிர்வாகியிடம் நேரே போகலாம். முதல் ஆலோசனைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. அவரிடம் கூட்டிப்போவதற்கே ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் தமிழிலும் விளம்பரம் செய்கிறார்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக ஏமாறவேண்டாம். போகும்போது கடைசி மூன்று மாதக் கடனட்டைக் கூற்றுகள், சம்பளத் துண்டுகள், சென்ற வருட வரி மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். சீட்டுக் கணக்கையும், கைமாற்றாக வாங்கியதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.