மழைக்கு முன்னா, மழைக்குப் பின்னா?

மந்தைவெளியில் வாழும் என் தமக்கையார் வீட்டின் முன்புறத்தில், இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் கொண்ட சிறு புல்தரை ஒன்று உண்டு. வெறும் அருகம்புல்தான். ஆயினும் பேரக் குழந்தைகள் உருண்டு புரள்வதும், மாலை வேளையில் குடும்பத்தார் கூடி அமர்வதும் அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு பிற்பகல், வானம் கருத்துக் கிடப்பதைக் கண்ட தமக்கையார், மழை வருமுன் உரத்தைத் தூவிவிட்டால் மழையே அதைக் கரைத்து வேருக்குக் கொண்டு சேர்த்துவிடும், தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம் என்று எண்ணி, ஒரு கிலோ யூரியாவை அள்ளித் தூவிவிட்டார். அன்றிரவு ஒன்பது சென்டிமீட்டர் மழை கொட்டிற்று.

இரண்டு வாரம் கழித்து நான் சென்றபோது, புல்தரை பழைய வெளிறிய நிறத்திலேயே இருந்தது. கிணற்றோரத்துப் பள்ளமான மூலையில் மாத்திரம் புல் கருகருவென்று மண்டி, அடியில் அழுகத் தொடங்கியிருந்தது. “கடைக்காரன் கலப்பட உரத்தைக் கொடுத்துவிட்டான், தம்பி” என்றார் தமக்கையார்.

கடைக்காரர்மேல் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உரம் தூவப்பட்ட நேரமே பிழை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தமக்கையார் எண்ணியதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யூரியாவைத் தூவியபின் அது மண்ணுக்குள் இறங்க நீர் வேண்டும். நீரின்றி மேற்பரப்பிலேயே கிடந்தால், அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். ஆகவே உரத்துக்குப்பின் ஒரு சிறு தூறல் நன்மையே. எவ்வளவு நீர் என்பதுதான் கேள்வி. கால் அங்குலம், அதாவது ஆறேழு மில்லிமீட்டர் மழை போதும்; அரை அங்குலம் வரை தாங்கும். அன்றிரவு பெய்ததோ தொண்ணூறு மில்லிமீட்டர்!

கணக்கிட்டுப் பார்ப்போம். முந்நூறு சதுர அடித் தரையில் ஒன்பது சென்டிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர். கூரையிலிருந்து வழிந்தது தனி. ஒரு கிலோ யூரியா கரைவதற்கோ ஒரு லிட்டர் நீரே போதுமானது. எஞ்சிய நீரெல்லாம் என்ன செய்திருக்கும்? கரைந்ததை அடித்துக்கொண்டு ஓடியிருக்கும்.

இதன் உள்விவரத்தையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். யூரியா மண்துகள்களில் அவ்வளவாக ஒட்டாது. நீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் சில நாட்களில் அது அம்மோனியமாக மாறுகிறது. அந்த நிலையில் களிமண்ணும் மக்கும் அதைப் பற்றி நிறுத்திக்கொள்ளும். பின்னர் வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புல் விரும்பி உண்பது இதனையே. ஆனால் இதுவும் மண்ணில் ஒட்டாமல் நீரோடு இறங்கிவிடும் தன்மையது. எனவே உரமிட்ட முதல் சில நாட்களில் பெருமழை வந்தால் இழப்பு மிகுதி. அடுத்த சில வாரங்களில் அடைமழை வந்தாலும் இழப்பே.

நம் நகரின் மண்ணும் இடத்துக்கு இடம் மாறுகிறது. சாந்தோம், மந்தைவெளியின் கீழ்ப்புறம், பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகிய இடங்களில் கடற்கரை மணலே மிகுதி. அங்கே நீர் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கும்; உரமும் உடன் இறங்கும். தியாகராய நகரின் நிலை வேறு. 1920-களில் பழைய ஏரிப் படுகையைத் தூர்த்து எழுந்த பகுதி அது. ஏரிக் களிமண்ணில் நீர் இறங்காமல் தேங்கும். தேங்கிய மண்ணில் காற்றில்லாமற்போகவே, நைட்ரேட் வாயுவாகச் சிதைந்து மேலே போய்விடும். மிச்சம் வழிந்து மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றில் கலக்கும். ஆக, மணலில் இட்டது கீழே போகிறது. களியில் இட்டது மேலேயும் பக்கவாட்டிலும் போகிறது. புல்லுக்குக் கிட்டுவது சொற்பமே.

பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். என்னை உண்மையாகவே கவலைகொள்ளச் செய்தது அந்தக் கிணறுதான். தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு. அதன்படி என் தமக்கையார் வீட்டிலும் முற்றத்து நீரெல்லாம் அந்த மூலையிலுள்ள குழிக்குச் சென்று, கிணற்றருகே நிலத்தில் இறங்குமாறு அமைத்திருந்தார்கள். புல்தரையில் இட்ட உரமும் அதே வழியில்தானே இறங்கும்! அவ்வேளையில் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மூன்று மாதக் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க அக்கிணற்று நீரையே காய்ச்சிப் பயன்படுத்தி வந்தார்கள்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. பெரியவர்களை விட ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே அதனால் பெருந்தீங்கு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்மார்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்: நீரைக் காய்ச்சுவதால் கிருமி சாகுமேயன்றி நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். ஒரு கிலோ யூரியாவிலுள்ள தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டாகிவிட்டால், 45,000 லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். முழுவதும் கிணற்றுக்குப் போய்ச் சேராது என்பது உண்மையே. நகரக் கிணறுகளைக் கெடுப்பதில் கழிவுநீர்க் கசிவுக்கே பெரும் பங்கு என்பதும் உண்மையே; புல்தரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று. இருந்தாலும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த வாதங்களைப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? அன்றே குழந்தையின் பாலுக்கு வேறு நீர் வரவழைத்தோம். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்படியும் சொல்லிவந்தேன். குழந்தைக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

அப்படியானால் உரமிட ஏற்ற காலம் எது? சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களிலேயே, கொட்டித் தீர்க்கிறது. 2015 நவம்பரில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததை யார் மறப்பார்? ஆகவே ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் யூரியா மூட்டையின் வாயைக் கட்டி வைத்துவிடுவதே உத்தமம். மார்கழி முற்பாதியும் நம்பத்தக்கதன்று.  இக்காலத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகிப் பூஞ்சை நோய்க்கும் இரையாகும்.

மழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் வானத்தில் வெயிலும் உள்ள தை மாதம் ஏற்றது. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழைகளுக்கு இடையிலும் சிறிதளவு இடலாம். சித்திரை, வைகாசியில் வேண்டா. உரமிட்ட புல் கூடுதல் நீர் கேட்கும். 2019 கோடையில் குடிநீருக்கே குடத்துடன் நின்ற ஊர் இது.

நாளைத் தெரிந்துகொள்வதிலும் ஒரு முறை உண்டு. மழை விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நிலம் ஈரமாகவும் புல்லின் இலை உலர்ந்தும் இருக்கையில் தூவ வேண்டும். நனைந்த இலையில் யூரியா ஒட்டினால் அவ்விடம் கருகும். தூவியவுடன் பூவாளியால் இலேசாக நீர் தெளித்தல் வேண்டும். தூவுமுன் வானிலை மையத்தின் அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் ‘கனமழை’ என்று சொன்னால் ஒரு நாளில் சுமார் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்தால் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். புல் அதற்குள் பட்டினியால் மடிந்துவிடாது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். நூறு சதுர அடிக்கு நூறு கிராம் யூரியா என்பது மேல் வரம்பு. மணற்பாங்கான இடத்தில் அதைப் பாதியாக்கி, இரு தடவையாக இடுவது மேல். யூரியாவில் ஐந்தில் ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்த்து ஓரிரவு வைத்திருந்து தூவினால், நைட்ரேட்டாகும் வேகம் குறையும். உழவர்கள் நெல் வயலுக்கு நெடுங்காலமாகச் செய்துவரும் உத்தி இது. 2015 முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று அரசு விதித்ததும் இக்கருத்தை ஒட்டியதே. மக்கிய தொழு உரம் கிடைப்பவர்கள் யூரியாவை நாடவே வேண்டியதில்லை.

என் தமக்கையார் இப்பொழுது மதில்மேல் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோல் விட்டு மழையை அளக்கிறார். நுங்கம்பாக்கம் அளவைவிடத் தம் வீட்டில் கூடுதல் என்று தொலைபேசியில் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. சென்ற தை மாதம், பொங்கலுக்கு மறுவாரம், முந்நூறு சதுர அடிக்கு நூற்றைம்பது கிராம் யூரியாவை நிறுத்துத் தூவினார். சிமெண்டு நடைபாதையில் சிதறிய குருணைகளைத் துடைப்பத்தால் கூட்டி மீண்டும் புல்லிலேயே போட்டார். சேகரிப்புக் குழியைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு உரம் இடவேயில்லை. அங்கே இப்பொழுது கல்வாழை நிற்கிறது.