உங்களுக்குத் தெரியுமா? சிகரெட் பெட்டிக்குள் நாடக நடிகை!

சிகரெட் பெட்டிக்குள் நடிகைகளின் படம் வைப்பதைக் கண்டித்து, அமெரிக்க சிகரெட் அதிபர் ஜேம்ஸ் டியூக்குக்கு 1894-இல் கடிதம் எழுதியவர் அவரைப் பெற்ற தந்தை! வாஷிங்டன் டியூக் பக்தியுள்ள மெதடிஸ்ட் கிறிஸ்தவர். அந்தப் படங்கள் இளவயதினரைக் கெடுக்கின்றன என்று மனம் நொந்தார்.

• பெட்டிக்குள் பட அட்டை வந்தது முட்டுக்கொடுக்கத்தான். அன்றைய பெட்டி மெல்லிய காகித உறை. சிகரெட் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த துண்டு வேண்டியிருந்தது. அதில் படம் அச்சிட்டது அசல் வியாபார மூளை!

• லிலியன் ரஸ்ஸல், லில்லி லாங்ட்ரி போன்ற மேடை நட்சத்திரங்கள் 1880-களிலேயே அட்டையில் வந்துவிட்டார்கள். அட்டைகள் வரிசையாக வந்ததால், வரிசையை முடிக்க அடுத்த பெட்டி வாங்க வேண்டியிருந்தது.

• இந்த அட்டைகளைக் காப்பாற்றித் தந்தவர்களில் முதல் வணக்கம் சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக்குக்கு. சிகரெட் அட்டை உட்பட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதம் வாட்டியபோதும் தாமே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார்.

• பிரிட்டனில் இந்த அட்டைகளை நிறுத்தியது போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு. ஆண்டு 1940.