தகரப் பெட்டியும் தாலாட்டும்



மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்த எவரையேனும் அணுகி, "உங்கள் பூர்வீகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். அடுத்து டிவிசனின் பெயரைச் சொல்வார். இன்னுஞ் சற்று வற்புறுத்தினால், "பாட்டன் காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர்களாம்" என்பார். அந்தப் "பக்கம்" என்னும் சிறு சொல்லுக்குள் ஒரு மாவட்டமே அடங்கிக் கிடக்கும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குலதெய்வம் என்பனவெல்லாம் கடலைக் கடந்தபோதே கைநழுவிப் போயின.

நழுவிப் போனதைத் தேடுவது பல்லாண்டுகளாக என் பொழுதுபோக்கு. பழைய பாட்டுக்களைத் திரட்டுவது இன்னொரு பொழுதுபோக்கு. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஓய்வு நேரங்களில் இணையத்தின் ஏடுகளைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான், எங்கள் குடும்பங்களைப் பொறுத்தவரை அவை ஒரே வேலையின் இரு கைகள் என்பது விளங்கிற்று. அது எவ்வாறு விளங்கிற்று என்பதையே இன்று சொல்ல விழைகின்றேன்.

இலங்கைத் தேயிலையின் கதையை இணையத்தில் தேடப் புகுவோருக்கு முதலிற் கிடைப்பது துரைமாரின் கதை. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். தோட்ட உரிமையாளர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர்களை அகரவரிசையில் தொகுத்துத் தரும் தளம் ஒன்றுண்டு. பெர்குசன் கம்பெனியார் வெளியிட்ட இலங்கைக் கையேடுகளின் பழைய தொகுதிகள் சிலவற்றை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் பெருங் களஞ்சியத்தில் காசு கொடாமலே படிக்கலாம். தோட்டத்தின் பெயர், பரப்பு, உடையவர், துரை என்று யாவும் அவற்றில் நிரலாக இருக்கும். ஜே. பி. லூயிஸ் என்பவர் இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளின் வாசகங்களைத் தொகுத்து 1913இல் வெளியிட்ட நூலும் அங்கேயே உண்டு. 1879இல் காலமாகிப் பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனைப் பற்றித் தேடினால் நூறு கட்டுரைகள் வந்து நிற்கும். துரை ஒருவரின் பேரப்பிள்ளை லண்டனில் அமர்ந்தபடி ஒரு மாலைப் பொழுதில் தம் பாட்டனாரைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதே தோட்டத்தில் கொழுந்து கொய்தவளின் பெயரை அந்த ஏடுகளில் தேடினால் கிடைப்பது ஓர் எண் மட்டுமே: இத்தனை ஏக்கருக்கு இத்தனை கூலிகள். ஆயினும் இவ்வேடுகளை ஒதுக்கிவிடலாகாது. தோட்டங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, பிரிக்கப்பட்டன, கைமாறின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் அவற்றை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளுக்குச் சென்றது. பாட்டியின் வாயில் வரும் தோட்டப் பெயர் இன்றைய பலகையில் இல்லாதிருப்பின், பழைய கையேட்டில்தான் அது அகப்படும்.

ஆனால் நம்மவருக்கு முதல் ஆவணக் களஞ்சியம் இணையமன்று. லயத்துக் காம்பராவில், மேல் தட்டில் கிடக்கும் தகரப் பெட்டியே அது. அதற்குள் காகிதங்கள் வந்து சேர்ந்ததற்கும் ஒரு கசப்பான காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கோருவோர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வசித்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் பிறப்புப் பத்திரம், செக்ரோல் பிரதி, பள்ளிச் சான்று என்று கிடைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். அவருள் பலருக்கு அக்காகிதங்கள் அன்று பயன்படவில்லை. இன்று குடும்ப வரலாற்றின் முதல் ஏடு அவைதாம். கறையான் அரிப்பதற்கு முன் அவற்றைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து, இரு பிரதிகளை இரு வேறு இடங்களில் வைத்துவிட வேண்டும்.

சில வீடுகளில் சிறு தகர வில்லை ஒன்றும் கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டியபோது, எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதை அறிய எழுத்தும் எண்ணும் பொறித்துக் கொடுத்த அடையாளம் அது. விளையாட்டுச் சாமானென்று குழந்தைகளிடம் கொடுத்துவிட்ட வீடுகளும் உண்டு.

இனி, தேடுவோர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் எழுத்துக்கூட்டல். மேலைநாட்டு வம்சாவளித் தளங்கள் முதலில் கேட்பது குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தந்தையின் பெயர் தலையெழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் மறைந்துவிடும். கருப்பண்ணனை ஆங்கிலக் கணக்கப்பிள்ளை 'சி' எழுத்தில் தொடங்கி ஒரு விதமாகவும், 'கே' எழுத்தில் தொடங்கி வேறொரு விதமாகவும் எழுதியிருப்பார். திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி' ஆயிற்று. தூத்துக்குடி 'டியூட்டிகொரின்' ஆயிற்று. ஆகவே ஒரு பெயரைத் தேடுமுன், அது எத்தனை விதமாகச் சிதைந்திருக்கக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது என் வழக்கம். பத்துக்குக் குறையாது.

தமிழிலேயே தேடத்தக்க களஞ்சியங்களுள் எனக்கு மிகவும் உகந்தது, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூலகம். ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கே பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. குடும்ப வரலாறு தேடுவோர் பெரிய நூல்களையே நாடுவர். நானோ பாடசாலை ஆண்டு மலர்களையும் கோயிற் கும்பாபிஷேக மலர்களையும் நாடச் சொல்வேன். தோட்டத்துக் கோயிலைக் கட்டிய கங்காணி யார், அவருடைய ஊர் எது என்பன போன்ற செய்திகள் அத்தகைய மலர்களிலேதான் ஒளிந்திருக்கும். ஒரு கங்காணி தம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்களையே பெரும்பாலும் அழைத்துவந்தார். ஆதலால் கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

பாட்டைப் பற்றிய நூல்களும் அங்கே உண்டு. வட்டகொடை மடக்கும்புரவில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். சாரல்நாடனின் 'மலையக வாய்மொழி இலக்கியம்' அத்துறையில் தவிர்க்கவொண்ணாத நூல். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடித் தோட்டந் தோட்டமாகச் சென்றவர். அவற்றோடு, 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது கும்மி வடிவில் இருப்பினும் தோட்டத்துரைமாரின் கண்கொண்டு தோட்டத்தைப் பார்ப்பது. நான் அதை இருமுறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க மனம் வரவில்லை.

அச்சில் வந்தவை ஒருபுறமிருக்க, அச்சேறாத பாட்டிலே ஊரைத் தேடுவது எப்படி? பொன்னர் சங்கர் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு இதுவும் ஆடப்படுகின்றது. கதையோ கொங்கு நாட்டுக்கும் அதனை அடுத்த காவிரிக் கரைக்கும் உரியது. 1965ஆம் ஆண்டில் பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர் கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் இக்கதைப் பாட்டை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். அவருடைய உழைப்பிலிருந்து பிறந்த நூல்களையும் அசைபடங்களையும் இன்று இணையத்திற் காணலாம். அவற்றைக் கண்டபின் நம் தோட்டத்துக் கூத்தைக் கேட்டால் இனம் புரியும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கூத்து என்பது தோட்டம் முழுவதற்கும் பொது. வேலூர்ப் பக்கத்தவரும் இராமநாதபுரத்தவரும் ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே கூத்தை ஆடினர். கூத்தைக் கொண்டு தோட்டத்தின் பிறப்பை அறியலாம். ஒரு குடும்பத்தின் பிறப்பை அறிய இயலாது. குடும்பத்தின் அடையாளம் தாலாட்டிலும் ஒப்பாரியிலுமே தங்கும். அவற்றை மேடையில் எவரும் பாடுவதில்லையாதலால், தாயிடமிருந்து மகளுக்குப் பெரிதும் மாறாமல் இறங்குகின்றன.

மெட்டைக் கொண்டு காலத்தைக் கணிப்பதும் அபாயம். மிகப் பழையதென்று ஒருவர் எனக்குப் பாடிக்காட்டிய பாட்டின் மெட்டு, இந்திய இசை ஆவணக் காப்பகம் என்னும் தளத்தில் பழைய இசைத்தட்டுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. அது ஒரு நாடக மெட்டு. கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் 1920களில் கொழும்பு மேடையில் நடித்தவர்கள் என்பதை நினைத்தால், அத்தகைய மெட்டுக்கள் மலையேறியதில் வியப்பில்லை. பின்னர் வானொலியும் வந்தது. வானொலியிற் பேசிக்கொண்டே வானொலியைக் குறைகூறலாகாது. எனினும் லயங்களில் டிரான்சிஸ்டர் புகுந்தபின் தாலாட்டுக்களிலும் திரைப்பட மெட்டுப் புகுந்தது உண்மையே.

பழைய பேச்சைக் கேட்க விரும்புவோர் சிக்காகோ பல்கலைக்கழகத்தாரின் தெற்காசிய இணைய நூலகத்தை நாடலாம். கிரியர்சனின் இந்திய மொழியளவையை ஒட்டி 1913 முதல் 1929 வரை இசைத்தட்டில் பதிந்த பேச்சுக்கள் அங்கே உள்ளன. கப்பலேறிய நம் பாட்டன்மாரின் காலத்துக் குரல்கள் அவை.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகின்றேன். என் அம்மாயி பாடிய தாலாட்டை 1980களில் ஓர் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தோம். தாய்மாமன் சீர் கொண்டுவரும் ஊரை அதிலே அவர் "தொரையூரு" என்று பாடுவார். துரையின் ஊர், அதாவது சீமை என்றே நாங்கள் யாவரும் பொருள் கொண்டோம். மாமன் சீமைக்கே போய்ச் சீர் கொண்டுவருவான் என்ற பெருமைப் பேச்சாக்கும் என்று சிரித்ததும் உண்டு.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இரத்த உறவுகளைப் பிரித்துத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு எம்மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதனையே தலைப்பாக வைத்தார். அந்தக் கோச்சியில்தான் அம்மாயியின் தங்கையும் சென்றார். நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்.

தொண்ணூறை எட்டிய அந்தச் சின்ன அம்மாயியைச் சில ஆண்டுகளுக்கு முன் கைத்தொலைபேசித் திரையிற் கண்டு பேசினேன். அக்காவின் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கக்கா பாதியிலேயே நிறுத்திப்புட்டாளே" என்று தாமே பாடினார். அவருடைய பாட்டில் மேலும் பல அடிகள் இருந்தன. மாமன் பெருமாள் மலையில் முடியிறக்கிவிட்டு வருகிறான் என்றொரு செய்தி வந்தது.

"சீமையில் ஏது அம்மாயி பெருமாள் மலை?" என்றேன்.

"சீமையா? யாரு சொன்னா? அது நம்ம துறையூரு, ஐயா. எங்க ஆத்தா பொறந்த ஊரு" என்றார்.

பேச்சு வழக்கில் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிட்டதால், நாற்பது ஆண்டுகளாக ஓர் ஊரைச் சீமையென்று நினைத்திருந்தோம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு ஹெமிங்வே எழுதிய 1907ஆம் ஆண்டு விவரச்சுவடி இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ளது. அன்று முசிறி தாலுகாவுக்கு உட்பட்டிருந்த துறையூரை அதிற் பார்த்தேன். அருகே பெருமாள் மலையில் வேங்கடாசலபதி கோயில் இன்றும் உள்ளது. தகரப் பெட்டியிலிருந்த பிறப்புப் பத்திரங்களில் இந்த ஊரின் பெயர் எங்குமே இல்லை.

உங்கள் வீட்டிலும் பாடுவார் இருப்பின் பதிந்து வையுங்கள். பாட்டைத் தொடங்குமுன் பாடுபவரின் பெயர், வயது, தோட்டம், பாட்டை யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். காகிதத்தில் எழுதுவது ஒலியைவிட்டுப் பிரிந்துவிடும். ஐயமான சொல்லைத் திருத்தாதீர்கள். "தொரையூரு" என்று கேட்டால் அவ்வாறே எழுதுங்கள். பிறருக்குக் கொடுக்க அவருக்குச் சம்மதமா என்பதையும் கேட்டுப் பதியுங்கள். ஒப்பாரியை மட்டும் வீட்டிற்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடலாகாதென்று பெரியவர்கள் அஞ்சுவர். முற்றத்திலோ தேயிலை மலையிலோ பாடச் சொன்னால் பாடுவர். ஒலிகளையும் படங்களையும் சேர்த்து வைப்பதற்கென்றே நூலக நிறுவனத்தாரின் ஆவணகம் என்னும் தளம் உண்டு.

எங்கள் தாலாட்டுப் பதிவுகள் இரண்டையும் ஒரே உறையிலிட்டுப் பத்திரப்படுத்தியிருக்கின்றேன். அக்கா பாடியது நான்கு நிமிடம். தங்கை பாடியது ஏழு நிமிடம்.