விருந்தும் விடுதியும்

சேலத்தினின்று புறப்படும் மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். சேர்வராயன் மலைக்குத் தலைமையான ஊர் இதுவே. கோடை வெம்மைக்கு ஒதுங்கி வருவோர் பலராதலின், ஏரிக்கரை தொடங்கி மலைச்சரிவு எங்கணும் தங்கும் விடுதிகள் எழுந்துள்ளன. மாணவர்களே, இப்பாடம் அவ்விடுதிகளின் அழகைப் பற்றியதன்று. அவற்றின் வாயிலைப் பற்றியது. அவ்வாயிலில் யார் நுழையலாம், நுழைந்தபின் யார் எங்கே நிற்கலாம் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

விருந்து என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். புதியராய் வருவாரே விருந்தினர்; உறவினரும் நண்பரும் விருந்தினர் ஆகார். வந்தவர் இன்னார் என அறியாதிருக்கும் நிலையிலேயே அவரை ஏற்றுக்கொள்ளல் விருந்தோம்பல் எனப்பட்டது. திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். 1867ஆம் ஆண்டில் வடலூரில் இராமலிங்க அடிகள் நிறுவிய தருமசாலையில், பசித்து வந்தார் எவர்க்கும் வேறுபாடின்றி உணவளிக்கப்பட்டது, இன்றும் அளிக்கப்படுகின்றது.

ஆயினும், சொல்லின் பொருள் ஒன்றாகவும் ஊரின் வழக்கம் வேறாகவும் இருந்தன. யான் சிறுவனாயிருந்தபொழுது எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் குவளைகள் இருவகையாக இருந்தன. ஒருவகை கழுவிப் பலகைமேல் கவிழ்க்கப்பட்டிருக்கும். மற்றொருவகை வெளியே கூரையிடுக்கில் செருகப்பட்டிருக்கும். எங்கள் வயலில் உழைத்த முதியவர் பின்னதை எடுத்துத் தாமே கழுவி, எட்ட நின்று நீட்டுவார். என்னையோ கடைக்காரர், "வாங்க தம்பி, உள்ளே வந்து உட்காருங்க" என்பார். எனக்கு வயது ஏழு; அவர் அறுபதை நெருங்கியவர். அதனை அன்று யான் தவறென எண்ணவில்லை. அதுவே இன்று என்னை வருத்துகின்றது.

அக்கடைக்காரர் செய்தது அன்றே சட்டப்படி குற்றமாகும். கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகின்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதனினும் நுணுகிச் சென்றது. விடுதிக்குள் நுழையவிடாமை மட்டுமன்று, அங்குப் பொதுமக்கள் வழங்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமையும் குற்றம் என்று அஃது அறுதியிட்டது. சட்டம் இயற்றியோர் கூரையிடுக்கின் குவளையைக் கண்டிருத்தல் வேண்டும்! 1976இல் இச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது, தண்டனையும் கடுமையாயிற்று.

சட்டம் தானே வந்துவிடவில்லை. தென்னிந்திய இரயில்வே உணவுக்கூடங்களில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறோரிடமும் இருந்தன. பெரியார் ஈ.வெ. இராமசாமி முதலியோர் கிளர்ந்து எதிர்த்தமையால் 1941இல் அவ்வேற்றுமை நீங்கிற்று. உணவு விடுதிகளின் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் எழுதுவதை எதிர்த்து 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நடந்த மறியல் பல மாதங்கள் நீடித்தது.

இங்ஙனம் உண்பாருக்கு வாயில் திறந்தது. உணவு படைப்பாருக்கும் அது திறந்ததா? இதனை அறிய மீண்டும் ஏற்காட்டிற்கு வருவோம்.

சேர்வராயன் மலையின் தொல்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கண்டு அவரைக் கேரளத்தார் என மயங்கற்க. மலையை ஆள்பவர் என்பது இச்சொல்லின் பொருள். அவர்தம் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தனர் என அவர்கள் கூறுவர். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்தியர் இம்மலையில் காப்பிப் பயிரைப் பரப்பினார். தோட்டங்கள் பெருகப் பெருக, மலையை ஆண்ட பெயருடையோருட் பலர் தோட்டக் கூலிகளாயினர். பின்னர் விடுதிகள் பெருகின.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில் யான் அங்கு ஒரு விடுதியில் தங்கினேன். வரவேற்பு மேசையில் இருந்தோர் சமவெளியினர். தோட்டத்திலும் பாத்திரம் துலக்குமிடத்திலும் இருந்தோர் மலைமக்கள். வெளியூரார் ஒருவர், சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் வழியையும் திருவிழா நாளையும் வினவினார். மேசையில் இருந்தவர் விழித்தார். அருகே முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையார் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வழியையும், குகையுள் சேர்வராயனும் காவேரியம்மனும் உறையும் நிலையையும், விழா நாளையும் தெளிவுறக் கூறினார். பின்னர்த் துடைப்பத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார்.

விடுதித் தலைவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "அவங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்க ஐயா" என்றார். அவர் கொடியவர் அல்லர். கூலியையும் குறைவின்றிக் கொடுப்பவரே. ஆனால் ஆங்கிலம் சில திங்களிற் கற்கத்தக்கது. அவ்வம்மையாரின் மலையறிவோ சில திங்களிற் கைவருவதன்று. எளிதிற் கற்கக்கூடிய ஒன்று இல்லையென அவரை முற்றத்தில் நிறுத்துதல் எவ்வாறு முறையாகும்? அவ்விடுதியின் உணவுப் பட்டியலில் மலைமக்கள் விளைக்கும் சாமையும் தினையும் இடம்பெறாமை கண்டும் வியந்தேன்.

பணியாளர்க்கு இடப்படும் தடை சிலபோது காப்பு என்னும் பெயரிலும் வரும். மது பரிமாறும் விடுதிப் பகுதிகளில் பெண்களைப் பணிக்கமர்த்தலாகாது என, 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டம் விதித்திருந்தது. தில்லியிலும் அதுவே நிலவியது. விடுதிப் பணிக்கெனப் பயின்று வந்த மகளிர்க்கு இஃது ஊறாயிற்று. பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமெனின் பணியிடத்தைப் பாதுகாப்புடையதாக்குக, அவளைப் பணியினின்று விலக்கற்க என்னும் கருத்துப்பட உச்சநீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்து, அவ்விதி செல்லாது என்பதை உறுதிசெய்தது.

மலைமக்கட்கும் கல்வியே வாயில். தமிழ்நாட்டரசின் தாட்கோ நிறுவனம், மேல்நிலைக் கல்வி முடித்த ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கரைச் சென்னைத் தரமணியிலுள்ள விடுதி மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் தன் செலவிலேயே பயில்விக்கும் திட்டத்தை அண்மையாண்டுகளில் மேற்கொண்டுள்ளது. சமைத்தல், பரிமாறுதல், வரவேற்றல், கணக்கு முதலியன அங்குக் கற்பிக்கப்படுகின்றன.

ஊர் திரும்பும் நாளில் அவ்வம்மையாரிடம் இச்செய்தியைச் சொன்னேன். அவர் மகள் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். "அதெல்லாம் சேத்துக்குவாங்களா சாமி?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்வர் என்று கூறி, நிறுவனத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.